வேலைநிறுத்தம்: ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வாகன ஆலைத் தொழிலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால், மறைமலை நகர் வரை கார், பைக், லாரி, உதிரிபாக ஆலைகளில் வேலை செய்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் வாயிற்கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பதில்களில் சட்டமும் வரும், பட்டறிவும் வரும். புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்ததால் சட்டம் 2025 நவம்பரில் பெரிதாக மாறியிருக்கிறது. அதனால் எந்த நோட்டீஸையும் கொடுப்பதற்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

எங்கள் ஆலையில் சங்கமே இல்லை. எங்கே தொடங்குவது?

கொடிக்கம்பத்தில் தொடங்காதீர்கள். துண்டறிக்கையும் பிறகுதான். முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆலையை வரையுங்கள். பிரஸ் ஷாப், வெல்டு ஷாப், பெயின்ட் ஷாப், எஞ்சின், அசெம்பிளி, மெயின்டனன்ஸ், ஸ்டோர்ஸ் என்று பகுதி பகுதியாகப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் எந்த ஷிஃப்டில் எத்தனை பேர், அதில் பெர்மனன்ட் எத்தனை, கான்ட்ராக்ட் எத்தனை, யார் எந்த ஊர்க்காரர், எந்த கம்பெனி பஸ்ஸில் வருகிறார், எந்த ரூமில் தங்கியிருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆள் இல்லாத கட்டம் எதுவென்று அதில் உடனே தெரிந்துவிடும். பெயின்ட் ஷாப்பில் ஒருவர்கூட உங்கள் பக்கம் இல்லாமல் அசெம்பிளி முழுக்க உங்களோடு இருந்தாலும் அது பாதி ஆலைதான்.

அடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் மற்றவர்கள் யாரை மதிக்கிறார்கள் என்று பாருங்கள். உரக்கப் பேசுகிறவர் பெரும்பாலும் அவர் இல்லை. புதுப் பையனுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறவர், லைனில் ஒருவருக்கு அடிபட்டால் சூப்பர்வைசரைக் கேட்காமல் மெஷினை நிறுத்துகிறவர், சம்பளச் சீட்டில் பிடித்தம் புரியவில்லை என்றால் எல்லோரும் போய்க் கேட்கிற ஆள், அவர்தான் வேண்டும். அவரிடம் தனியாக, ஆலைக்கு வெளியே, நேரில் பேசுங்கள். நீங்கள் பேசுவதைவிட அவரைப் பேசவிடுங்கள்.

வாட்ஸ்அப் குரூப் இந்தக் கட்டத்தில் வேண்டாம். குரூப்பில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்ற பட்டியல் எச்.ஆர். கைக்குப் போக ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும்.

பதிவு செய்ய எத்தனை பேர் வேண்டும்?

ஆலையின் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அது. எப்படியும் 7 பேருக்குக் குறையக் கூடாது. 2001 திருத்தத்திலிருந்து இதுதான் விதி, புதிய சட்டத்திலும் இதுவே தொடர்கிறது.

எண்ணிக்கை சுலபம். பதிவுச் சான்றிதழ் கைக்கு வருவதுதான் கடினம். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது வீட்டு உபயோகப் பொருள் ஆலைதான், ஆனால் இந்தப் பகுதியின் வாகனத் தொழிலாளர்கள் எல்லோரும் கூர்ந்து பார்த்த போராட்டம். 2024 செப்டம்பர் 9-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். முதன்மைக் கோரிக்கையே சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கக் கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 37 நாள் போராட்டம் முடிந்து மாதங்கள் கழித்து, 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது.

ஆகவே விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து சான்றிதழ் வரும் நாள் வரை உள்ள இடைவெளிக்குத் தனியாகத் திட்டம் வேண்டும். முதல் கையெழுத்துக்காரர்கள் மீதுதான் டிரான்ஸ்ஃபரும் சார்ஜ் மெமோவும் (குற்றச்சாட்டுக் கடிதம்) பாயும். கையெழுத்துக்கு முன்பே பாதி ஆலைக்கு மேல் உறுப்பினர் படிவம் நிரப்பியிருந்தால் அந்த முதல் கையெழுத்துக்காரர்கள் தனியாக இல்லை.

பதிவு ஆகிவிட்டால் நிர்வாகம் பேசியே ஆக வேண்டுமா?

பழைய சட்டத்தில் அப்படிக் கட்டாயம் இல்லாமல் இருந்தது. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஆலையின் வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரை உறுப்பினராகக் கொண்ட சங்கம் பேச்சுவார்த்தைச் சங்கமாகும். எந்தச் சங்கத்துக்கும் அந்த அளவு இல்லை என்றால், 20 சதவீதத்துக்குக் குறையாத சங்கங்கள் சேர்ந்து ஒரு குழுவாக உட்கார வேண்டும். உறுப்பினர் படிவம் ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்தே தெரியும்.

ஏற்கெனவே வொர்க்கர்ஸ் கமிட்டி இருக்கிறதே, சங்கம் எதற்கு என்று எச்.ஆர். கேட்கிறது.

கமிட்டி கேன்டீன் சாம்பார், யூனிஃபார்ம் அளவு, பஸ் ரூட் பேசலாம். சம்பள ஒப்பந்தம் போடுவது அதன் வேலை இல்லை. கமிட்டியில் இருக்கிற நல்ல ஆட்களை எதிரியாக்கிவிடாதீர்கள். நாளை அவர்களும் உங்களோடு வர வேண்டியவர்கள்.

வேலைநிறுத்தம் உரிமையா, குற்றமா?

சங்கம் அமைப்பது அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(இ) பிரிவு தரும் அடிப்படை உரிமை. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. அது சட்டம் தந்த உரிமை. சட்டம் சொல்லும் வழியில் செய்தால் பாதுகாப்பு உண்டு.

அந்தப் பாதுகாப்பு வந்த கதை சென்னைக்கே உரியது. 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூரில் பி அண்டு சி (பக்கிங்ஹாம் அண்டு கர்னாடிக்) துணி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, திரு.வி.க., தலைவராக பி.பி.வாடியா. 1920-இல் மில் நிர்வாகம் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றமும் தடையாணை கொடுத்தது. தொழிலாளர்களைக் கூட்டி வேலையை நிறுத்தச் சொன்னதற்காகவே ஒரு சங்கத் தலைவரை நீதிமன்றத்தில் நிறுத்த முடியும் என்ற நிலை அன்று. அதை எதிர்த்து எழுந்த குரல்தான் 1926 தொழிற்சங்கச் சட்டத்தில் போய் முடிந்தது. நியாயமான சங்க நடவடிக்கைக்காகச் சதி வழக்கோ நஷ்டஈட்டு வழக்கோ போட முடியாது என்கிற பிரிவுகள் அப்போது வந்தவை, இன்றும் இருக்கின்றன.

நோட்டீஸ் எப்போது, எப்படிக் கொடுப்பது?

2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே கட்டாயமாக இருந்த நோட்டீஸ் இப்போது எல்லா ஆலைக்கும் கட்டாயம். குறைந்தது 14 நாள் முன்பாக நோட்டீஸ் தர வேண்டும், அந்த நோட்டீஸ் 60 நாளுக்குச் செல்லும். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன் சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்த பிறகு 7 நாள் வரையும் வேலைநிறுத்தம் கூடாது. தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தால் அது முடிந்து 60 நாள் வரை கூடாது. ஒப்பந்தம் அமலில் உள்ள காலத்தில், அந்த ஒப்பந்தத்தில் அடங்கிய விஷயத்துக்காகவும் கூடாது.

இதை மீறினால் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தூண்டியவர் என்று சொல்லப்படுகிறவருக்கும், சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு நேரடியாகப் பணம் கொடுத்தவருக்கும் அபராதம் 10,000 முதல் 50,000 வரை. வேலைநிறுத்தத்தைச் சட்டப்படி நடத்துவதை இந்த அளவுக்கு இறுக்கியது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். மத்தியத் தொழிற்சங்கங்களில் பெரும்பாலானவை இதை எதிர்த்துத்தான் நிற்கின்றன. ஆனால் சட்டம் இருக்கிறபடி தெரிந்துகொள்ளாமல் கேட்டுக்கு வெளியே வந்தால் அடி வாங்குவது சாதாரணத் தொழிலாளி.

செய்முறை இதுதான். கோரிக்கைப் பட்டியலைச் சங்கப் பேரவையில், அதாவது உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் கூட்டத்தில், படித்து ஒப்புதல் வாங்குங்கள். நிர்வாகத்துக்கு அனுப்பி, பேசக் கால அவகாசம் கொடுங்கள். பேச்சு நகரவில்லை என்றால் ரகசிய வாக்கெடுப்பு. வாக்கெடுப்பைச் சட்டம் கேட்காவிட்டாலும் வையுங்கள். நூற்றுக்கு அறுபது பேர்தான் சரி என்கிறார்கள் என்றால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். தொண்ணூறைத் தாண்டினால் அந்த எண்ணை நிர்வாகத்துக்கும் தெரியப்படுத்துங்கள். பிறகு நோட்டீஸ், நிர்வாகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும். ஒவ்வொரு தாளுக்கும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி, மூன்று நகல் எடுத்து, மூன்று வீட்டில் வையுங்கள்.

எல்லோரும் ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டால்?

அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆலையின் தொழிலாளர்களில் 50 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து லீவு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம் என்றுதான் புதிய சட்டம் சொல்கிறது.

கான்ட்ராக்ட் ஆட்களையும் டிரெய்னிகளையும் வைத்து லைனை ஓட்டிவிடுகிறார்கள். என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு லைனில் நின்றவர்கள் பெரும்பாலும் பெர்மனன்ட். இன்று அதே லைனில் பெர்மனன்ட், குறிப்பிட்ட காலப் பணியாளர், கான்ட்ராக்ட், டிரெய்னி, அப்ரண்டிஸ் என்று ஐந்து விதமான அடையாள அட்டைகள். ஒரே கதவை இடது பக்கம் மாட்டுகிறவருக்கு ஒரு சம்பளம், வலது பக்கம் மாட்டுகிறவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. சட்டையின் நிறம்கூட வேறு. பெர்மனன்ட் மட்டும் வெளியே வந்தால் அன்று மாலையே லைன் பாதி வேகத்தில் ஓடும், இரண்டு வாரத்தில் முக்கால் வேகத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு பேச்சுவார்த்தை மேஜையில் உங்களிடம் சரக்கு ஒன்றும் இருக்காது.

ஹரியானாவின் மானேசரில் மாருதி சுசுகி தொழிலாளர்கள் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். 2011 ஜூனில் புதிய சங்கத்துக்கு விண்ணப்பித்த கையோடு 13 நாள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில், நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவோம் என்றது நிர்வாகம். 33 நாள் வெளியே நின்றார்கள். சமரசமாகி உள்ளே போனபோது சுமார் 1,200 கான்ட்ராக்ட் தொழிலாளர்களை மட்டும் கேட்டில் நிறுத்தினார்கள். அக்டோபர் 7-இல் மறுபடி ஆலைக்குள் உட்கார்ந்தார்களே, அது அந்தக் கான்ட்ராக்ட் தொழிலாளர்களைத் திரும்ப எடு என்பதற்காக. நிரந்தரத் தொழிலாளி தன் வேலையைப் பணயம் வைத்து ஒப்பந்தத் தொழிலாளிக்காக உட்கார்ந்தார். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த சுசுகி பவர்டிரெய்ன், சுசுகி காஸ்டிங்ஸ், சுசுகி மோட்டார் சைக்கிள் ஆலைகளும் நின்றன. கையில் ஏழு நிமிடத் தேநீர் இடைவேளை, அதற்குள் டீயும் வாங்கி கழிவறைக்கும் போய்வர வேண்டும் என்று வாழ்ந்தவர்களிடையே பிறந்த ஒற்றுமை அது.

ஆகவே கோரிக்கைப் பட்டியலில் முதல் ஐந்துக்குள் கான்ட்ராக்ட் தொழிலாளர் கோரிக்கை குறைந்தது இரண்டு இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் மரியாதைக்கு ஒரு வரி என்றால் அவர்களுக்குப் புரிந்துவிடும். தமிழ்நாட்டில் நமக்கு ஒரு நல்ல கருவி உண்டு. நிரந்தரத் தகுதி வழங்கும் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரம் கோரலாம். அதற்கு ஆதாரம் வேண்டும் என்பதால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டர் பெயரை மாற்றி, புது அட்டை கொடுத்து, பழையதை வாங்கிவிடுகிறார்கள். பழைய அட்டையையும் சம்பளச் சீட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். பி.எஃப். பாஸ்புக் டவுன்லோடு செய்யக் கற்றுக்கொடுங்கள். சங்கம் எனக்கு ஒன்று செய்தது என்று ஒருவர் நினைக்க இதுவே போதும்.

அப்ரண்டிஸ் விஷயம் வேறு. சட்டம் அவர்களைத் தொழிலாளியாகக் கணக்கில் எடுப்பதில்லை, பாதுகாப்பும் குறைவு. வெளியே வா என்று வற்புறுத்தாதீர்கள். பயிற்சியில் இல்லாத வேலையைச் செய்யச் சொன்னால் எழுத்தில் கேள் என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

எங்களுக்குள் ஊர், சாதி, மொழிப் பிரிவுகள் இருக்கின்றன. அதை எப்படிச் சமாளிப்பது?

மறைக்காமல் பேசுங்கள். 1921 பி அண்டு சி மில் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்து முறிந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் மோதல், தீவைப்பு, துப்பாக்கிச் சூடு. நிர்வாகமும் அரசும் பிரிவினையைப் பயன்படுத்தின என்பது உண்மை. அந்தத் தொழிலாளர்களின் நம்பிக்கையைச் சங்கம் முன்பே சம்பாதிக்கவில்லை என்பதும் உண்மை. நூறு ஆண்டு கழித்தும் நிர்வாகக் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விழுப்புரம், திருவண்ணாமலையிலிருந்து வந்த பையன்கள் ரூமில் யார் யாரோடு சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பதும் சங்கத்தின் கவலைதான்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களுக்குத் துண்டறிக்கை இந்தியிலும் ஒடியாவிலும் போக வேண்டும். வாயிற்கூட்டத்தில் ஐந்து நிமிடம் அவர்களில் ஒருவர் அவர் மொழியில் பேசட்டும். 'வடக்கன்' என்ற பேச்சு மேடையிலோ பந்தலிலோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

எப்போது வேலையை நிறுத்தினால் நம் கை ஓங்கும்?

ஸ்டாக் குறைவாக, ஆர்டர் அதிகமாக இருக்கும்போது. நோட்டீஸ் கொடுத்த மறுநாளே ஓ.டி. (ஓவர்டைம்) ஏறும், யார்டு நிரம்பும், வண்டிகள் அவசரமாக டீலர்களுக்குப் போகும். அந்த ஓ.டி. பணம் இனிக்கும், ஆனால் நீங்கள் கட்டுகிற ஒவ்வொரு வண்டியும் பின்னால் உங்களுக்கு எதிராக ஒரு நாள் நிற்கும்.

வாகன ஆலையின் பலவீனம் அதன் சங்கிலி. சீட், டாஷ்போர்டு, ஒயரிங் எல்லாம் சில மணி நேரத்துக்கான இருப்போடுதான் ஓடுகின்றன. எந்த நிறக் கார் லைனில் வருகிறதோ அந்த வரிசையிலேயே சீட் வந்து இறங்குகிறது. ஆகவே முந்நூறு பேர் வேலை செய்கிற உதிரிபாக ஆலை நின்றால் ஐயாயிரம் பேர் வேலை செய்கிற கார் ஆலை தடுமாறும். 2018 செப்டம்பரில் வல்லம் வடகாலில் யமஹா, ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு, உதிரிபாகம் செய்யும் எம்.எஸ்.ஐ. என மூன்று ஆலைகளில் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. யமஹாவில் தீப்பொறி, சங்க வேலையில் முன்நின்ற இருவரை வேலைநீக்கம் செய்தது. ஒரே சாலையில் மூன்று கொடிகள் நின்றதால் அந்தப் போராட்டங்கள் ஐம்பது நாளைத் தொட்டும் தாண்டியும் தாக்குப்பிடித்தன.

அமெரிக்காவில் ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம் 2023-இல் வேறு வழியில் போனது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, ஸ்டெல்லான்டிஸ் மூன்றிலும் ஒப்பந்தம் செப்டம்பர் 14 நள்ளிரவில் முடிந்தது. சுமார் 1,46,000 உறுப்பினர்களையும் வெளியே கூப்பிடாமல் கம்பெனிக்கு ஓர் ஆலை வீதம் மூன்று ஆலைகளில் சுமார் 13,000 பேரை மட்டும் நிறுத்தச் சொன்னார் தலைவர் ஷான் ஃபெய்ன். அடுத்து எந்த ஆலை என்று கம்பெனிக்குத் தெரியாது. பேச்சு இழுத்தால் இன்னும் ஓர் ஆலை. அக்டோபர் 11-இல் ஃபோர்டின் பெரிய லாபம் வருகிற கென்டக்கி லாரி ஆலையின் 8,700 பேரும் வெளியே வந்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் மூன்று கம்பெனியும் உடன்பட்டன: 2028 வரையிலான ஒப்பந்தக் காலத்தில் அடிப்படை ஊதியத்தில் 25 சதவீத உயர்வு, விலைவாசிக்கு ஏற்ப ஏறும் பஞ்சப்படி மறுபடியும்.

இங்கே அப்படியே செய்ய முடியாது. ஆலைக்கு ஒரு சங்கம், ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டீஸ். ஆனால் பக்கத்து ஆலைகளின் சம்பள ஒப்பந்தங்கள் ஒரே மாதத்தில் முடியும்படி போட முடியும். அடுத்த ஒப்பந்தத்தில் தேதியைக் கேளுங்கள்.

சம்பளம் இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது?

வேலை இல்லை என்றால் கூலி இல்லை என்பதுதான் வழக்கம். வேலைநிறுத்தம் சட்டப்படியானதும் நியாயமானதும் ஆனால் அந்த நாள்களுக்குச் சம்பளம் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பி அடுப்பு பற்றவைக்க முடியாது.

அமெரிக்கச் சங்கம் 2023-இல் வாரம் 500 டாலர் கொடுத்தது, கையில் 82.5 கோடி டாலர் போராட்ட நிதி இருந்தது. நம் சங்கங்களில் அந்த அளவுக்கு வழியில்லை. ஆனாலும் ஒப்பந்தம் முடிவதற்கு ஓராண்டுக்கு முன்பே சந்தாவோடு தனியாகப் போராட்ட நிதி பிடிக்கத் தொடங்குங்கள். தலைக்கு மாதம் 300 ரூபாய் என்றால் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 36 லட்சம். அதை எல்லோருக்கும் பங்கு போடாதீர்கள். கைக்குழந்தை உள்ள வீடு, மருந்து சாப்பிடும் பெற்றோர், பள்ளிக் கட்டணம், வாடகை என்று முன்னுரிமை வைத்துக் கொடுங்கள்.

கஞ்சித்தொட்டி வைப்பது நம் சங்கங்களின் பழைய வழக்கம். அதை மறுபடி கொண்டுவாருங்கள். சமையல் ஒரு வேளை பொதுவாக நடந்தால் செலவு பாதியாகும், அதைவிடப் பெரிதாக, யார் வரவில்லை என்று தெரியும். இரண்டு நாள் சாப்பாட்டுக்கு வராதவரின் ரூமுக்கு மூன்றாம் நாள் இருவர் போய்ப் பார்க்க வேண்டும். அவர் கடன்காரர் தொல்லையில் இருக்கலாம், சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து பேசியிருக்கலாம். பைக், வீட்டுக் கடன் தவணை இருப்பவர்கள் வேலைநிறுத்தத்துக்கு முன்பே வங்கியில் எழுதிக் கொடுத்துத் தள்ளிவைக்கக் கேட்கட்டும். தவணை தவறிய பிறகு கேட்டால் யாரும் கேட்பதில்லை.

உண்டியல் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று தினமும் மாலை பந்தலில் பலகையில் எழுதிப் போடுங்கள். பணத்தைப் பற்றி ஒரு வதந்தி கிளம்பினால் போதும், அது கருங்காலி செய்ய முடியாததைச் செய்துவிடும்.

கேட்டில் போலீஸ் வந்தால்?

வரும். நீதிமன்றத்தில் தடையாணை வாங்கி, கேட்டிலிருந்து இத்தனை மீட்டருக்குள் கூடக் கூடாது என்பார்கள். முன்பு 144 என்று சொன்ன தடையுத்தரவு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163-வது பிரிவு. ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அதில் சொன்ன தூரத்தை அளந்து கயிறு கட்டுங்கள். சாம்சங் போராட்டத்தில் 2024 அக்டோபரில் போலீஸ் பந்தலையே பிரித்தது, பலரைப் பிடித்தது. தொழிலாளர்கள் பந்தல் இல்லாமலே கூடினார்கள். பந்தலுக்கு மாற்று இடம் ஒன்றை முதல் நாளே பேசி வையுங்கள், பட்டா நிலமாக இருந்தால் நல்லது.

கைகலப்பு எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. மானேசரில் 2012 ஜூலை 18 கலவரத்தில் ஒரு மனிதவள மேலாளர் உயிரிழந்தார். 148 தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள், 546 நிரந்தரத் தொழிலாளர்கள் வேலையை இழந்தார்கள். 2017-இல் 117 பேர் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள், அதற்குள் பலருக்கு ஆண்டுகள் சிறையில் போயிருந்தன. 13 பேருக்கு ஆயுள் தண்டனை. 2011-இல் கட்டிய அருமையான ஒற்றுமை ஒரே நாளில் நீதிமன்றக் கூண்டில் ஏறியது. ஒரு குடும்பம் தன் ஆளை இழந்தது. ஆகவே ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் பத்துத் தொண்டர்கள், கையில் பட்டை, குடித்துவிட்டு வருகிறவரை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரத்தோடு. நடப்பதை எல்லாம் வீடியோ எடுக்க இருவர். கருங்காலி என்று யார் வீட்டு வாசலுக்கும் போகக் கூடாது.

வீட்டுக்காரர் போராட்டத்தில் இருக்கிறார். நான் என்ன செய்யலாம்?

முதலில், நோட்டீஸ் கொடுக்கும் முன்பே குடும்பக் கூட்டம் போடச் சொல்லிச் சங்கத்தைக் கேளுங்கள் அக்கா. கோரிக்கை என்ன, எத்தனை நாள் ஆகலாம், கையில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களிடம் சொல்லாமல் தொடங்குகிற போராட்டம் பத்தாம் நாள் வீட்டுக்குள் சண்டையாகும். எச்.ஆர். ஆட்கள் ஊரில் உள்ள அப்பா அம்மாவுக்குப் போன் போட்டு 'உங்கள் பையன் வேலை போகப் போகிறது' என்பார்கள். அதையும் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

1936 டிசம்பர் 30 முதல் 44 நாள், அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளுக்குள் தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தபோது வெளியே சோறு போட்டது பெண்கள். அவர்களில் ஒரு பிரிவு ஜெனோரா ஜான்சன் தலைமையில் பெண்கள் அவசரப் படை ஆனது. பிப்ரவரி 1-இல் ஓர் ஆலைக்குள் கண்ணீர்ப்புகை வீசப்பட்டபோது, உள்ளே இருந்தவர்கள் மூச்சுவிட ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தது அவர்கள்தான். இறுதியில் கம்பெனி சங்கத்தை ஏற்றது.

வேறு ஆலையில் அல்லது ஐ.டி.யில் இருக்கிறேன். எப்படி உதவுவது?

பக்கத்து ஆலைக்காரர் என்றால் ஒரு நாள் சம்பளம், கறுப்புப் பட்டை, வாயிற்கூட்டத்துக்கு ஆள். போராடும் ஆலையின் வேலையை உங்கள் லைனுக்கு மாற்றினால் உடனே அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள், அது பேச்சுவார்த்தையில் தங்கம். ஐ.டி. ஆட்கள் என்றால் கணக்கு எழுத, இந்தி, ஒடியா மொழிபெயர்க்க, கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படித்து லாபக் கணக்கை எளிய தமிழில் சொல்ல ஒரு சனிக்கிழமை போதும். கடைக்காரர்கள் அரிசி கொடுங்கள், வாடகைக்கு விட்டவர்கள் ஒரு மாதம் பொறுங்கள். பணமாகத் தருவது குடும்ப நிவாரணத்துக்கு என்று எழுதி ரசீதோடு போகட்டும், மேலே சொன்ன அபராதப் பிரிவை நினைவில் வைத்து.

ஆலையையே மூடிவிடுவோம் என்று மிரட்டுகிறார்கள்.

பெரும்பாலும் அது வெறும் மிரட்டல். பல ஆயிரம் கோடி போட்டு, சுற்றிலும் சப்ளையர்களைக் குடியேற்றியவர்கள் சம்பள உயர்வுக்காக மூட்டை கட்டுவதில்லை. மூடுகிறவர்கள் வியாபாரக் காரணத்துக்காக மூடுகிறார்கள். மறைமலை நகர் ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூடல் அறிவித்தபோது காரணம் நஷ்டக் கணக்கு. அங்கேயும் தொழிலாளர்கள் 2022 மே கடைசியில் வேலையை நிறுத்தி இழப்பீட்டுக்காக நின்றார்கள், பேரம் பேசித்தான் தொகையை ஏற்றினார்கள். 300 பேருக்குக் குறையாத ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும். முன்பு இந்த வரம்பு 100.

ஒப்பந்தத்தில் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்?

எங்கே போடுகிறோம் என்பதைப் பாருங்கள். நிர்வாகமும் சங்கமும் தனியாகப் போட்டால் அது கையெழுத்திட்ட தரப்பை மட்டும் கட்டுப்படுத்தும். நாம் 18(1) என்று சொல்வது அது. சமரச அதிகாரி முன்னிலையில் போட்டால், அதாவது 12(3), ஆலையின் எல்லாத் தொழிலாளருக்கும் பொருந்தும், நாளை சேர்கிறவருக்கும். எண்கள் பழைய சட்டத்தினுடையவை, பேச்சு வழக்கில் இன்னும் இருக்கின்றன.

சம்பளத் தொகையைவிட முதலில் பழிவாங்கல் கூடாது என்ற வரியைத் தேடுங்கள். சஸ்பெண்ட், சார்ஜ் மெமோ, டிரான்ஸ்ஃபர் அனைத்தும் ரத்து, போராட்ட நாள்கள் பணித்தொடர்ச்சியை முறிக்காது, கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் அனைவரும் அதே வேலைக்குத் திரும்புவர் என்று பெயர்ப் பட்டியலோடு எழுதியிருக்க வேண்டும். அமைச்சர் வாய்மொழியாகச் சொன்னார் என்பது போதாது. கையெழுத்துப் போடும் முன் வரைவைப் பேரவையில் வாசித்து வாக்கெடுங்கள், இரவு பன்னிரண்டு மணியானாலும்.

வேலைக்குத் திரும்பிய பிறகு?

முதல் மூன்று மாதம் ஜாக்கிரதை. சாம்சங்கில் போராட்டம் முடிந்து, பதிவும் கிடைத்து, 2025 பிப்ரவரியிலேயே சங்க நிர்வாகிகள் மூவர் சஸ்பெண்ட் ஆனார்கள், மறுபடி ஒரு மாதம் போராட வேண்டியிருந்தது. முதல் நாள் எல்லோரும் சேர்ந்தே கேட்டுக்குள் போங்கள். யாரையாவது தனியாக எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டால் இன்னொருவரும் உடன் போகட்டும். வெற்றுத்தாளில், படிக்காத கடிதத்தில், மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் பட்டியலை நிர்வாகத்திடம் கொடுங்கள். ஆலைத் தொழிலாளர்களில் 1 சதவீதம், குறைந்தது 5, அதிகம் 100 பேர் அதில் இருக்கலாம். தகராறு நிலுவையில் உள்ளபோது அவர்களை வேலைநீக்கம் செய்ய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். வேலைநிறுத்தத்தில் வராமல் உள்ளே இருந்தவர்களோடு கேன்டீனில் ஒரே மேஜையில் உட்காருங்கள், அடுத்த உறுப்பினர் படிவம் அவர்களிடம்தான் நீட்ட வேண்டும்.